சொன்னவன் தலையில்

சீடருக்குக் குருவைவிட வயது அதிகம். சீடர் நாச்சிமுத்து ஐம்பதைத் தாண்டியவர், மீசை பாதி வெளுத்தவர். குரு எஸ்தருக்கு நாற்பதுகூட ஆகவில்லை. கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில், வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை வேளையில் நிர்வாகவியல் சொல்லிக்கொடுப்பவர். வகுப்பிலிருந்த இளவட்டங்கள் அவரை மேடம் என்று கூப்பிட்டார்கள். நாச்சிமுத்துவுக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. பாடம் நடத்துகிறவர் எவராயிருந்தாலும் அவருக்கு டீச்சர்தான்.

அவர் ஒரு ஃபவுண்டரியில், அதாவது இரும்பை உருக்கி பம்புசெட்டுக்கு உறுப்புகள் வார்க்கிற ஆலையில், ஒர்க்ஸ் மேனேஜர். மண் சலிக்கிற வேலையில் சேர்ந்து படிப்படியாக மேலே வந்தவர். "இந்தப் படிப்பை முடிச்சுட்டு வாங்க, ஜி.எம். நாற்காலி உங்களுக்குத்தான்" என்று சொல்லி முதலாளிதான் அனுப்பியிருந்தார். நாற்காலி யாருக்குக் கசக்கும்? ஆனாலும் நாச்சிமுத்து வந்தது நாற்காலிக்காக அல்ல. ஒரு கேள்வி அவரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது. முதல் வகுப்பு முடிந்து மற்றவர்கள் பைக் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே எழுந்து கேட்டுவிட்டார்.

"டீச்சர், ஒரு சந்தேகமுங்க."

"சொல்லுங்க சார்."

"ஒரு எடத்துல தப்பு நடக்குது. நாலு பேருக்கு அது தெரியுது. தெரிஞ்சும் மேல இருக்கறவன்கிட்ட ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டேங்கறான். ஏனுங்க?"

எஸ்தர் பேனாவை மூடி வைத்தார்.

"என்ன தப்பு?"

நாச்சிமுத்து சொன்னார். உலையில் உருகிய இரும்பைப் பிடித்து அச்சில் ஊற்றுவதற்கு லேடில் என்று ஒரு பெரிய வாளி உண்டு. அதன் உள்பக்கம் முழுக்கக் களிமண் பூசியிருக்கும். அந்த மண்ணை கேஸ் பர்னர் வைத்துச் சுட்டு நன்றாகக் காய வைக்க வேண்டும். துளி ஈரம் தங்கியிருந்தாலும் போச்சு, காய்ச்சிய இரும்பு மேலே பட்டதும் வெடித்துத் தெறிக்கும். அப்படித்தான் ஒரு நாள் காலையில் தெறித்தது. லேடில் பிடித்திருந்த தெய்வசிகாமணிக்கு வலது கையும் கழுத்தும் வெந்துபோயின.

"பர்னர் சரியா எரியறதில்லைன்னு அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்குதுங்க டீச்சர். அப்பறம் விசாரிச்சா, ஆமாங்க, கொஞ்ச நாளாவே அப்படித்தானுங்க, அப்படீங்கறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

ஆஸ்பத்திரிக் கட்டிலின் கால்மாட்டில் சிகாமணியின் மனைவி ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்தது நாச்சிமுத்துவின் கண்ணை விட்டு இன்னும் போகவில்லை. அழுது தொலைத்திருந்தாலாவது தேவலை. இனி இன்னொரு கட்டிலுக்கு முன்னால் போய் இப்படி நிற்பதில்லை என்று அங்கேயே முடிவு கட்டிவிட்டார்.

"அதுக்கப்புறம் என்ன செஞ்சு பார்த்தீங்க?"

"புகார்ப் பெட்டி வெச்சேனுங்க. ரெண்டு சீட்டு விழுந்துது. ஒண்ணுல டீ தண்ணியா இருக்குதுன்னு போட்டிருந்துது. இன்னொண்ணு சினிமா டிக்கெட்டுங்க."

"அப்புறம்?"

"தெனமும் காலைல உலைக்கு முன்னால எல்லாரையும் நிக்க வெச்சுக் கேக்கறேனுங்க, ஏதாச்சும் பிரச்சனையான்னு. 'ஒண்ணுமில்லீங்க சார்'ங்கறாங்க. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க வாய்ப்பாடு ஒப்பிக்கற மாதிரி ஒரே குரல்லீங்க."

"சரி. யாராவது சொல்லிட்டா? அப்போ என்ன செய்வீங்க?"

நாச்சிமுத்துவின் முகம் மலர்ந்தது.

"அதுல நான் ஒரு நல்ல பழக்கம் வெச்சிருக்கேனுங்க. சொன்னவனே அதைச் செஞ்சு முடிக்கணும். கொறை யாரு வேணாலும் சொல்லிட்டுப் போயிடலாம், பொறுப்பு வரணுமில்லீங்களா? இன்னைக்குப் பாடத்துல நீங்ககூட சொன்னீங்களே, ஓனர்ஷிப்புன்னு. நாங்க பத்து வருசமா அதைத்தானுங்க பண்ணிட்டிருக்கோம்."

எஸ்தர் தலையை ஆட்டினார். அது எந்த மாதிரி ஆட்டல் என்று நாச்சிமுத்துவுக்குப் பிடிபடவில்லை.

"அந்த சிகாமணி இப்போ எப்படி இருக்கார்?"

"தேறிட்டு வர்றானுங்க. ஆனா மொதலாளி, ஆள் அஜாக்கிரதை, இனிமே நெருப்புப் பக்கமே விடாதீங்கன்னுட்டாரு. வந்தா மண்ணு அள்ளத்தான் போகணும். நல்ல கைகாரனுங்க டீச்சர், சங்கட்டமா இருக்குது."

"அஜாக்கிரதைன்னு முதலாளிக்கு யார் சொன்னது?"

"நாந்தானுங்க. லேடில் காஞ்சுதான்னு பாக்க வேண்டியது புடிக்கறவன்தானுங்களே?"

எஸ்தர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அடுத்த வாரம் வாங்க. பார்க்கலாம்."

நாச்சிமுத்துவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கோர்ட்டில்தான் வாய்தா போடுவார்கள் என்று நினைத்திருந்தார். படிக்கிற இடத்திலுமா என்று முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார்.

அடுத்த வாரம் எஸ்தர் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் வகுப்பைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த வகுப்பறையில என்ன குறை? தைரியமா சொல்லுங்க."

இளவட்டங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நாச்சிமுத்து கையைத் தூக்கினார். கேட்டால் சொல்ல வேண்டும், அதுதானே மரியாதை.

"டியூப்லைட் வெளிச்சம் போர்டுல பட்டுக் கண்ணு கூசுதுங்க டீச்சர். சன்னலோரம் உக்காந்திருக்கறவங்களுக்கு நீங்க எழுதறது ஒண்ணும் தெரியறதில்லீங்க."

"அருமை! இதுவரைக்கும் ஒருத்தர்கூட சொல்லல. எல்லாரும் சாருக்குக் கைதட்டுங்க."

கைதட்டினார்கள். நாச்சிமுத்துவுக்கு வெட்கமாகவும் இருந்தது, உள்ளுக்குள் குளுகுளுவென்றும் இருந்தது.

"அப்போ சார், நீங்களே அதைப் பார்த்துடுங்க. அடுத்த வகுப்புக்குள்ள சரியாகிடணும்" என்றார் எஸ்தர்.

"செஞ்சுடலாமுங்க."

சொல்லிவிட்டார். மறுநாள் ஃபவுண்டரிக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கல்லூரி ஆபீசுக்குப் போனார். மனு எழுதிக் கொடுங்கள் என்றார்கள். எழுதிக் கொடுத்தார். கட்டடத்துக்குப் பொறுப்பானவர் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தார். இன்னொரு அரைநாள் போட்டு மறுபடியும் போனால், கையெழுத்து கிடைத்தது, எலக்ட்ரீஷியன் கிடைக்கவில்லை. கிடைத்த எலக்ட்ரீஷியனும் "இந்த பிளாக் என்னோடதில்லீங்களே" என்று நகர்ந்தான். அவனுக்கு டீயும் போண்டாவும் வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிவந்து, ஏணியைத் தானே பிடித்துக்கொண்டு நின்று, விளக்கை இடம் மாற்றி மாட்ட வைத்தார் நாச்சிமுத்து. எடுத்த காரியத்தை விடுகிற ஆளல்ல அவர். ஆனால் அந்த வாரம் முழுக்க எரிச்சலாகவே இருந்தார். வீட்டில் சாம்பாருக்கு உப்பில்லை என்று சண்டை பிடித்தார், உப்பு சரியாகத்தான் இருந்தது.

அதற்கடுத்த வகுப்பில் போர்டு பளிச்சென்று தெரிந்தது. எஸ்தர் மறுபடியும் கைதட்டச் சொன்னார். தட்டினார்கள்.

"வேற என்ன குறை?"

குறை இருந்தது. குடிதண்ணீர் மெஷின் ஒழுகி, மாடிப்படித் திருப்பத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. ஏறி வரும்போது நாச்சிமுத்துவுக்கே கால் வழுக்கி, கைப்பிடியை எட்டிப் பிடித்ததால் தப்பினார். யாராவது விழுந்து மண்டையை உடைத்துக்கொள்ளப் போகிறார்கள் என்று அப்போதே நினைத்தார். சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். ஆனால் சொல்லப் போனபோது மனு கண்ணுக்கு முன்னால் வந்தது. கையெழுத்து வந்தது. பிளம்பர் வேறு எந்த பிளாக்கோ என்று தோன்றியது. இந்த வாரம் ஃபவுண்டரியில் பெரிய ஆர்டர் ஒன்று, அரைநாள்கூட நகர முடியாது.

வகுப்பு கூரையைப் பார்த்தது. எஸ்தர் நாச்சிமுத்துவைப் பார்த்தார்.

"சார்?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

சொன்ன மாத்திரத்தில் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் குரலை அவருக்குத் தெரியும். தினமும் காலையில் உலைக்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்.

அன்று நடந்த பாடம் ஒன்றும் அவர் காதில் ஏறவில்லை. எல்லோரும் போகும்வரை இருந்து, மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"டீச்சர், படிக்கட்டுல தண்ணி நிக்குதுங்க."

"தெரியும். நீங்க வழுக்கினதை மேலயிருந்து பார்த்தேன். அப்பவே ஆளை அனுப்பித் துடைக்கச் சொல்லிட்டேன்."

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏன் சார் சொல்லல? என்கிட்ட பயமா?"

"அட, உங்ககிட்ட எனக்கென்னங்க பயம்."

"யாரோ விழுந்தா நமக்கென்னன்னு விட்டுட்டீங்களா?"

"அய்யோ, அப்படியில்லீங்க!"

"பின்னே?"

"சொன்னா மறுபடியும் என் தலையிலதான்..."

பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை எஸ்தரும் கேட்கவில்லை.

"உங்க காலை மீட்டிங் எத்தனை மணிக்கு சார்?"

"எட்டு மணிக்குங்க."

"அப்போ நேரத்தோட வீட்டுக்குப் போய்த் தூங்குங்க."

மறுநாள் காலை எட்டு மணிக்கு நாச்சிமுத்து உலைக்கு முன்னால் நின்று தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இன்னையிலிருந்து சொல்றது மட்டும்தான் உங்க வேலை. செய்யறது என் வேலை. சொன்னவன் தலையில எதுவும் விழாது. இப்பச் சொல்லுங்க, ஏதாச்சும் பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லீங்க சார்."

பின்னால் யாரோ சிரித்து, சிரிப்பை இருமலாக்கிக்கொண்டார்கள். நியாயம்தானே. பத்து வருஷமாகத் தலையில் கட்டிவிட்டு ஒரு நாள் காலையில் வந்து இனி கட்டமாட்டேன் என்றால் எவன் நம்புவான்? மறுநாளும் கேட்டார், அதற்கு மறுநாளும் கேட்டார். அதே வாய்ப்பாடுதான். அவரும் விடுவதாக இல்லை. மழை பெய்து பாதிப் பேர் வராத நாளிலும் வந்தவர்களை நிற்க வைத்துக் கேட்டார்.

கடைசியில் வாயைத் திறந்தது பாப்பாத்தி. அச்சுக்குள் வைக்கிற மண் உருவங்களைச் செய்யும் பெண்களில் மூத்தவள்.

"ஏனுங்க சார், நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நெசமாத்தான் அம்மிணி. சொல்லு."

"பொம்பளைங்க துணி மாத்தற ரூம்புல தாழ்ப்பாள் இல்லீங்க. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவைப் புடிச்சுக்கறோம்."

"நல்லது. ஸ்டோர்ஸுல ஒரு தாழ்ப்பாள் வாங்கி..."

நீயே ஆளை வைத்து மாட்டிக்கொள் என்பது நுனிநாக்குவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினார்.

"எத்தனை நாளா இப்படி?"

"நான் வேலைக்குச் சேந்ததுல இருந்துங்க."

பாப்பாத்தி சேர்ந்தபோது அவள் மகளுக்குப் பால்பல் விழவில்லை. இப்போது அந்த மகள் கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நாச்சிமுத்துவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போதே ஸ்டோர்ஸுக்குப் போய்த் தாழ்ப்பாளும் திருப்புளியும் வாங்கிவந்து, டீ வேளைக்கு முன்னால் தன் கையாலேயே மாட்டினார். அவர் ஒன்றும் தச்சரல்ல. தாழ்ப்பாள் கொஞ்சம் கோணலாகத்தான் உட்கார்ந்தது. ஆனால் பூட்டியது. ஏதோ வேலையாகப் போவதுபோல ஒவ்வொருத்தராக அந்தப் பக்கம் வந்து அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டது. கிரேன் சங்கிலி தேய்ந்துவிட்டது. கையுறையில் ஓட்டை. சாக்கடை எதிர்த்துக்கொண்டு வருகிறது. உலைப் பக்கம் கேஸ் வாசம் அடிக்கிறது. மூன்றாவது ஷிஃப்ட் சூப்பர்வைசர் கெட்ட வார்த்தை பேசுகிறார். நாச்சிமுத்து ஸ்டோர்ஸோடு சண்டை போட்டார், மெக்கானிக்குகளைத் துரத்தினார், சூப்பர்வைசரைத் தனியாகக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினார். மாலையில் வகுப்புக்கு வரும்போது முகம் செத்துப்போயிருந்தது.

"சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க டீச்சர்" என்றார் ஒரு நாள்.

"நல்லதுதானே."

"காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தற மாதிரி இருக்குதுங்க. நான் கட்டிக் காத்த எடம். விடிஞ்சா அதைப் பத்திக் குத்தம் குத்தமாக் கேக்கறேன்."

"முன்னாடி அந்தக் குத்தமெல்லாம் இல்லையா?"

"இருந்துதுங்க. ஆனா நான் நிம்மதியா இருந்தேன்."

"அந்த நிம்மதி வேணுமா?"

நாச்சிமுத்து யோசித்தார். கேஸ் வாசத்தை அந்தப் பையன்கள் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தார்.

"வேண்டாமுங்க" என்றார்.

சிகாமணி வேலைக்குத் திரும்பி வந்தான். முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். கழுத்தில் தோல் இளஞ்சிவப்பாகச் சுருங்கியிருந்தது. காலை மீட்டிங்கில் தன் பழைய இடத்துக்குப் போகாமல், மண் அள்ளுகிறவர்கள் வரிசையில் கடைசியாகப் போய் நின்றுகொண்டான். நாச்சிமுத்துவுக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. ஆனால் முதலாளியின் உத்தரவு, என்ன செய்ய?

"ஏதாச்சும் பிரச்சனையா?"

இரண்டு பேர் இரண்டு விஷயம் சொன்னார்கள். பார்த்துக்கொள்கிறேன் என்றார். எல்லோரும் கலையப் போகிற நேரத்தில் சிகாமணி பேசினான்.

"சார், சொன்னவன் தலையில எதுவும் விழாதுன்னீங்களாமா? பாப்பாத்தியக்கா சொல்லுச்சு."

"ஆமாப்பா."

"அப்ப நானும் ஒண்ணு சொல்றனுங்க. கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு சிகாமணி."

"பர்னர் அடைச்சுக்குதுன்னு நான் உங்ககிட்டச் சொன்னனுங்க."

எல்லோர் கண்ணும் நாச்சிமுத்துவின் முகத்தில் இருந்தது.

"எங்கிட்டயா? எப்பப்பா?"

"மாரியாத்தா கோயில் நோம்பி முடிஞ்சு வேலைக்கு வந்த அன்னைக்குங்க. கேட்டுக்குள்ள பைக்கை நிறுத்திட்டிருந்தீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"நல்லாக் கவனிச்சிருக்கறே சிகாமணின்னு தோள்ல தட்டுனீங்க. நீயே பாத்துக்கன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டீங்க."

அவன் குரலில் கோபமில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிற குரல். கோபப்பட்டிருந்தால் நாச்சிமுத்துவுக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

"பாத்துட்டுத்தானுங்க இருந்தேன். தெனமும் ஷிஃப்ட் முடிஞ்சு நின்னு, கம்பிய விட்டுக் குத்திச் சுத்தம் பண்ணிட்டுத்தான் ஊட்டுக்குப் போவேன். வெடிச்சதுக்கு முந்துன நாளு புள்ளைக்குக் காது குத்துங்க. மத்தியானமே கெளம்பிட்டேன். காலைல வந்து லேடிலைத் தொட்டுப் பாத்தனுங்க. மேல காஞ்ச மாதிரிதான் இருந்துது."

உலைக்காரர் ரங்கன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"எங்களுக்கும் தெரியுமுங்க சார். அது சிகாமணிக்கு விட்ட வேலைன்னு நாங்க ஆரும் கை வெக்கலீங்க."

"மறுக்கா ஒருவாட்டி எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லப்பா?" என்று கேட்டார் நாச்சிமுத்து. கேட்கும்போதே அவருக்குத் தன் குரல் பிடிக்கவில்லை.

"அதான் ஒருக்காச் சொல்லிட்டனேங்க" என்றான் சிகாமணி.

கேட், பைக், நோம்பி, தோள். நாச்சிமுத்து அன்று பகல் முழுவதும் அந்தக் காலையைத் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. அவர் தட்டிக்கொடுக்காத தோள் அந்த ஆலையில் கிடையாது, அதில் எதை நினைவு வைத்துக்கொள்வது? மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தவர் அப்படியே மூடிவிட்டார். ஜன்னல் வழியே பார்த்தால் சிகாமணி இடது கையால் மண் அள்ளிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் வகுப்புக்கு வெகு முன்னாலேயே கல்லூரிக்குப் போய்விட்டார். எஸ்தர் காலி அறையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

"டீச்சர், ஒருத்தன் சொல்லியிருக்கானுங்க."

எஸ்தர் விடைத்தாள்களைத் தள்ளி வைத்தார். நாச்சிமுத்து ஒன்றும் விடாமல் சொன்னார். தோளில் தட்டியதையும் சொன்னார்.

"எனக்கு ஞாபகமே இல்லீங்க டீச்சர். சத்தியமா."

"நம்பறேன்."

"அதுதானுங்க தாங்க முடியல. தெரிஞ்சு மறைச்சிருந்தாக்கூட நான் கெட்டவன்னு சொல்லிட்டுப் போயிடலாம். மறந்தே போயிருக்கறேன். அவன் ஒடம்பு வெந்து கெடந்தப்போ, அவன் கட்டிலுக்கு முன்னாலயே நின்னு, ஏண்டா ஒருத்தனும் எங்கிட்டச் சொல்லலைன்னு கேட்டேனுங்க."

அவர் கண் கலங்கிவிட்டது. எஸ்தர் தண்ணீர் பாட்டிலை அவர் பக்கம் நகர்த்தினார். அவர் குடிக்கவில்லை.

"முதலாளிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. அவரு இன்னும் ஆள் அஜாக்கிரதைன்னுதான் நெனச்சிட்டிருக்காரு."

"சொல்லப் போறீங்களா?"

நாச்சிமுத்து மீசையைத் தடவினார்.

"சொன்னாத்தானுங்க சிகாமணியை மறுபடியும் லேடிலுக்கு எடுக்க முடியும். அவன் மேல இருக்கற பேரும் போகும். சொல்லணுமுங்க. ஆனா, சொன்னா மொதலாளி என்ன பண்ணுவாருன்னு தெரியலீங்க. ஜி.எம். நாற்காலி போனாப் போகட்டும். ஊட்டுக்கே போன்னுட்டாருன்னா? இந்த வயசுல எங்க போயி நிக்கறது? நல்ல மனுசன்தான், இல்லைங்கல. ஆனா எந்நேரம் எப்படி இருப்பாருன்னு ஆராலயும் சொல்ல முடியாதுங்க. கொஞ்ச நாள் போகட்டும், அவரு நல்ல மாதிரி இருக்கற நேரமாப் பாத்து..."

"என்ன ஆகும்னு தெரிஞ்சுட்டா சொல்லிடுவீங்களா?"

"ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சா இப்பவே போயிச் சொல்லிடுவேனுங்க."

"உங்க ஆளுங்களும் அப்படித்தான் சார் இருந்தாங்க."

இளவட்டங்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து உட்காரத் தொடங்கினார்கள். யாரோ ஃபேனைப் போட்டார்கள். விடைத்தாள்கள் பறக்காமல் இருக்க எஸ்தர் பாட்டிலை எடுத்து மேலே வைத்தார். நாச்சிமுத்து இன்னும் தன் இடத்துக்குப் போகவில்லை. மேசைக்கு முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தார். தன் பெஞ்சில் இருந்த பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

"எங்க சார்?"

"மொதலாளி ஏழு மணிவரைக்கும் ஆபீஸ்ல இருப்பாருங்க. இப்பக் கெளம்புனாப் புடிச்சுடலாம்."

"இன்னைக்குப் பாடம் முக்கியமானதாச்சே."

"கெடக்கட்டுமுங்க டீச்சர். அடுத்த வாரம் யாருகிட்டயாச்சும் கேட்டுக்கறேன்."

எஸ்தர் வருகைப் பதிவேட்டைத் திறந்தார்.

"போயிட்டு வாங்க. உங்களுக்கு அட்டெண்டன்ஸ் போட்டுடறேன்."